மலையில் வீட்டு ஸ்டுடியோ: பிளக்-இன்களில் போன 41,000 ரூபாய்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் அரவேனுவில் எங்கள் வீட்டு மாடி அறைதான் என் ஸ்டுடியோ. சர்ச் கொயர் பாட்டு, கோயில் திருவிழாப் பாட்டு, பள்ளி ஆண்டு விழாவுக்கு டிராக், எப்போதாவது குறும்படத்துக்குப் பின்னணிக் குரல் என்று சின்னச் சின்ன வேலைகள். ஆரம்பித்த முதல் சீசனில் பிளக்-இன்களுக்கு (ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் செருகிக்கொள்ளும் கூடுதல் மென்பொருள்களுக்கு) மட்டும் 41,000 ரூபாய் போனது. அதில் இன்றைக்கும் நான் திறந்து வேலை செய்கிறவை இரண்டே இரண்டு. மைக் எது நல்லது, மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டி எது நல்லது என்று சொல்ல நிறையப் பேர் கிடைத்தார்கள். பிளக்-இன் என்று வந்தால் எல்லாரும் ஒலியைப் பற்றி மட்டும் பேசினார்கள். நெட் இல்லாத நாளில் அது திறக்குமா, பழைய லேப்டாப் தாங்குமா, நம்மூர் கார்டில் கடைசியாக எவ்வளவு கழியும், நம் பாட்டுமுறைக்கு ஒத்துவருமா என்பதெல்லாம் பணம் போன பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அந்த நாட்களில் ராத்திரி தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறேன். இன்னொருத்தர் அப்படி உட்காரக் கூடாது என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முன்பெல்லாம் ஒரு பாட்டைப் பதிவு செய்ய வேண்டும் என்றால் கோயம்புத்தூர்தான். மேட்டுப்பாளையத்துக்கே நீண்ட மலைப்பாதை. கொயர்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினால் பாதிப் பேருக்கு வழியிலேயே வாந்தி. அந்தத் தொண்டையோடு மணிக்கணக்கு வாடகை ஸ்டுடியோவில் எப்படிப் பாடுவார்கள்? அதனால் ஒரு பழைய லேப்டாப் (8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி), இரண்டு மைக் செருகும் இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், ஹெட்போன் என்று சேர்த்தேன். ரெக்கார்டிங் மென்பொருள் ரீப்பர். 60 நாள் முழுசாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்கலாம், தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் லைசென்ஸ் 60 டாலர். பிளக்-இன்களைச் செருகுவது இதற்குள்தான். ஈக்யூ (கீழ் ஒலி, மேல் ஒலியைக் கூட்டிக் குறைப்பது), கம்ப்ரசர் (உரத்த இடங்களை அடக்குவது), ரிவெர்ப் (எதிரொலி சேர்ப்பது), வயலினும் டிரம்ஸும் வாசித்துத் தரும் லைப்ரரி எல்லாம் அந்த வகை. 1996இல் ஸ்டைன்பர்க் நிறுவனம் விஎஸ்டி முறையைக் கொண்டுவந்ததிலிருந்து, ஸ்டுடியோ அலமாரி நிறைய இருந்த பெட்டிகள் எல்லாம் இப்படிக் கம்ப்யூட்டருக்குள் வரத் தொடங்கின.

இனி நவம்பர் மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் கொட்டித் தீர்க்கும். எங்களுக்கும் குன்னூருக்கும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான் பெருமழை. கிறிஸ்துமஸ் பாட்டுக்கும், அதை ஒட்டி வரும் படுகர்களின் ஹெத்தையம்மன் திருவிழாப் பாட்டுக்கும் ஆர்டர் வருவது அதே மாதங்களில். பிளக்-இன் கம்பெனிகள் பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி போடுவதும் நவம்பர் கடைசியில்தான். மழை, வேலை, தள்ளுபடி மூன்றும் ஒன்றாக வந்து விழும். கையில் வேலை இருக்கிறது, அவசரம் இருக்கிறது, 'இன்னும் 6 மணி நேரம் மட்டும்' என்று திரையில் கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது. அந்த நேரத்தில் யாருக்கும் நிதானம் வராது. நான் 199 டாலருக்கு வாங்கிய பிளக்-இன் தொகுப்பு ஜனவரியில் அதைவிடக் குறைந்த விலைக்கு வந்ததைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. இந்தத் துறையில் தள்ளுபடி விலைதான் கிட்டத்தட்ட நிஜ விலை. பெரிய விலையை அடித்துவிட்டுப் போடும் சின்ன விலை வருஷத்தில் பலமுறை திரும்பி வரும். ஓடும் கடிகாரத்துக்கு மதிப்புத் தராதீர்கள்.

199 டாலர் நம் கையிலிருந்து எவ்வளவாகப் போகிறது என்பதையும் சொல்கிறேன். முதலில் கார்டே வேலை செய்யவில்லை. ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த விதிப்படி புது கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடித்தான் வரும், நாம்தான் வங்கி ஆப்பில் போய்த் திறந்துவிட வேண்டும். திறந்த பிறகு, பணம் கட்டும் பக்கத்தில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து டிஜிட்டல் சரக்கு விற்பவர்கள் இங்கே கட்ட வேண்டிய வரி அது. அதற்கு மேல் என் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 விழுக்காடு, அந்தக் கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி. டாலர் அப்போது 83 ரூபாய். 16,500 என்று மனக்கணக்குப் போட்டிருந்தேன். வந்த குறுஞ்செய்தியில் 20,300 பக்கம். டாலர் விலையை ரூபாயாக மாற்றி, அதோடு கால் பங்கைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகைக்கு மனசு ஒப்பினால் மட்டும் மேலே போகலாம்.

தொகுப்பில் முப்பதுக்கு மேல் பிளக்-இன்கள். திறந்து பார்த்தால் கம்ப்ரசர்களே ஏழெட்டு. பெரும்பாலும் இரண்டு பழைய பெட்டிகளின் சாயல்தான்: 1967இல் வந்த 1176, அதற்கும் முந்திய எல்ஏ-2ஏ. 1176 மின்னல் வேகம். அதன் அட்டாக் (சத்தம் ஏறியதும் அதைப் பிடித்து அடக்க எடுக்கும் நேரம்) 20 மைக்ரோ விநாடி வரை இறங்கும். எல்ஏ-2ஏ ஒளியை வைத்து வேலை செய்வது, நிதானமாகப் பிடித்து நிதானமாக விடும். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் கம்ப்ரசர் வகையறாவில் வீட்டு ஸ்டுடியோவுக்கு வேண்டியது கிட்டத்தட்ட முடிந்தது. ஆனால் தொகுப்போடு வந்த 'வோக்கல்' பிரீசெட்டுகளை (குரலுக்கென்று முன்பே அமைத்து வைத்த அளவுகளை) போட்டுப் பார்த்தபோது குரல் பளபளவென்று இருந்ததே தவிர, சொல் தேய்ந்து போயிருந்தது. காரணம் பிறகு பிடிபட்டது. சொல்லின் தொடக்கத்தில் க, ச, த, ப வெடித்து வருகிற அந்த நொடியில்தான் நம் பாட்டில் சாகித்தியம் புரிகிறது. அட்டாக் மிக வேகமாக இருந்தால் கம்ப்ரசர் அதை விழுங்கிவிடும். நான் இப்போது அட்டாக்கை 10 முதல் 30 மில்லி விநாடிக்குள் வைத்து, விகிதம் 3க்கு 1, அழுத்தம் 3 முதல் 6 டெசிபல், அதற்கு மேல் போவதில்லை. இதை ரீப்பரோடு இலவசமாகவே வரும் ரீகாம்ப் நன்றாகச் செய்கிறது. 20,300 ரூபாய் போன பிறகு, மென்பொருளுக்குள் ஏற்கெனவே இருந்த சாமானை முதல்முறையாகத் திறந்து பார்த்த ராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்தது வயலின் லைப்ரரி. கொயர் பாட்டுக்குப் பின்னால் வயலின் கூட்டமாக வாசிக்க வேண்டும் என்று கேட்டார்கள். மாதிரி கேட்டேன், உருக்கமாக இருந்தது. சின்ன விற்பனையாளர், 89 டாலர். அவர் ஜிஎஸ்டி சேர்க்கவில்லை, வங்கிக் கட்டணத்தோடு 7,700 ரூபாய் ஆனது. பதிவிறக்கம் பல ஜிபி. அந்த வாரம் மரம் விழுந்து ஃபைபர் அறுந்திருந்ததால் போன் டேட்டாவில், நாளுக்கு இவ்வளவு என்ற பேக்கில், ராத்திரி ராத்திரியாக இறக்கினேன். இறக்கிய கோப்பை விரிக்கும்போது இன்னொரு மடங்கு இடம் கேட்டது. எஸ்எஸ்டி நிறைந்து, பழைய புகைப்படங்களைப் பென் டிரைவுக்கு மாற்றி இடம் பண்ணினேன். கடைசியில் திறந்து வாசித்தால், கால் மணி நேரத்தில் ஒலி நின்றுவிட்டது. மூடித் திறந்தால் மறுபடி கால் மணி நேரம். கான்டாக்ட் என்ற மென்பொருளில் ஓடும் லைப்ரரி அது. கான்டாக்டில் இலவச பிளேயர் ஒன்று உண்டு, காசு கொடுத்து வாங்கும் முழுப் பதிப்பு ஒன்று உண்டு. பிளேயருக்கென்று உரிமம் பெற்ற லைப்ரரிகள் மட்டும்தான் இலவசத்தில் முழுசாக ஓடும். மற்றவை 15 நிமிட மாதிரி முறையில்தான் ஓடும். முழுப் பதிப்பின் விலை நான் வாங்கிய லைப்ரரியைப் போல மூன்று மடங்குக்கு மேல். விற்பனைப் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், 'முழுப் பதிப்பு தேவை' என்று ஒரு வரி இருந்தது. பதிவிறக்கம் செய்துவிட்டதால் பணம் திரும்பத் தர மாட்டோம் என்று பதில் வந்தது. இசைக்கருவி லைப்ரரி எதை வாங்கினாலும் முதலில் அந்தப் பக்கத்தின் அடிக்குப் போங்கள். எந்த மென்பொருளில் ஓடும், இலவச பிளேயர் போதுமா, விரித்த பிறகு எத்தனை ஜிபி, ரேம் எவ்வளவு என்ற நாலையும் படித்த பிறகு மாதிரியைக் கேளுங்கள். ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் பிபிசி சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவில் 'டிஸ்கவர்' என்ற சின்னப் பதிப்பு உண்டு. சில நூறு எம்பிதான், முழு ஆர்கெஸ்ட்ராவும் இருக்கிறது. கிராமத்துச் சர்ச்சில் ஒலிக்கும் பாட்டுக்கு அது தாராளம்.

லேப்டாப் தாங்குமா என்பது தனிக் கதை. குரல் டிராக்கில் (மென்பொருளில் குரல் மட்டும் தனியாகப் பதியும் வரிசையில்) தொகுப்பின் பிளக்-இன்களை வரிசையாக ஐந்து செருகி வைத்திருந்தேன். கொயரில் பாடும் பெண் இரண்டு வரி பாடிவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள். "அக்கா, நான் பாடுறது எனக்கே லேட்டா கேக்குது" என்றாள். பஃபர் என்று ஓர் அளவு இருக்கிறது. கம்ப்யூட்டர் எத்தனை துணுக்கு ஒலியைச் சேர்த்து வைத்து வேலை செய்கிறது என்பது அது. விநாடிக்கு 44,100 துணுக்கு என்ற வேகத்தில் பஃபர் 128 என்றால் ஒரு வழிக்கு 2.9 மில்லி விநாடி. 1024 என்றால் 23 மில்லி விநாடி, உள்ளே வர ஒரு முறை, வெளியே போக ஒரு முறை. பத்தைத் தாண்டினாலே பாடுகிறவருக்கு உறுத்தும். பஃபரைக் குறைத்தால் பழைய லேப்டாப் திணறிப் படபடவென்று வெடிச்சத்தம் போடும், கூட்டினால் குரல் பின்தங்கும். இதோடு சில பிளக்-இன்கள், குறிப்பாக லீனியர் ஃபேஸ் ஈக்யூவும் முன்கூட்டியே பார்த்து அடக்கும் லிமிட்டரும், தங்கள் பங்குக்குத் தாமதத்தைச் சேர்க்கும். பதிவு செய்யும்போது டிராக்கில் ஒன்றுமே வேண்டாம். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தான் இருக்கும், அதைப் போட்டால் குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமல் நேராகக் காதுக்கு வரும். பிளக்-இன் எல்லாம் பாடி முடித்த பிறகு. மிக்ஸ் செய்யும்போது பஃபரை 1024க்கு ஏற்றிக்கொள்ளலாம், வேலை முடிந்த டிராக்குகளை ஃப்ரீஸ் செய்துவிடலாம் (பிளக்-இன் ஒலியோடு பதிந்து வைத்து, சுமையைக் குறைப்பது). வாங்குவதற்கு முன், மாதிரிப் பதிப்பை ஒரே டிராக்கில் போட்டுப் பார்ப்பதால் பயனில்லை. உங்களுடைய நிஜமான பாட்டில், பத்து டிராக்கில் செருகி, ரீப்பரின் பெர்ஃபாமன்ஸ் மீட்டரில் கம்ப்யூட்டரின் சுமை (சிபியு) எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள்.

எல்லாவற்றையும்விட என்னைப் புண்படுத்தியது லைசென்ஸ் விவகாரம். பக்கத்து ஹட்டிப் (படுகர் ஊர்) பையன்கள் ஹெத்தையம்மன் பாட்டு ஒன்றைப் பாடி, மிக்ஸுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். திருவிழாவுக்கு முன்னால் கொடுத்தாக வேண்டும். இரண்டு நாள் மழை. கரண்ட் போய் வந்தது, நெட் போனது, டவர் சிக்னலும் இல்லை. இன்வெர்ட்டரில் லேப்டாப்பை ஓட்டி வேலையை முடித்துவிடலாம் என்று பாட்டைத் திறந்தால், குரல் டிராக்கில் இருந்த முக்கியமான பிளக்-இன் 'உரிமத்தைச் சரிபார்க்க முடியவில்லை' என்று சொல்லி வாயை மூடிக்கொண்டது. குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை அது தன் கம்பெனியின் சர்வரோடு பேச வேண்டுமாம். நான் காசு கொடுத்து வாங்கிய சாமான், என் லேப்டாப்பில், என் வீட்டில் திறக்கவில்லை. அந்த ஆத்திரத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. வேறு பிளக்-இன் போட்டால் ஒலி மாறிவிட்டது. முதலிலிருந்து மிக்ஸ் செய்ய நேரம் இல்லை. பையன்கள் மழையில் நடந்து வந்து நின்றார்கள். "பரவாயில்லக்கா, போன வருஷப் பாட்டையே போட்டுக்கிறோம்" என்று சொன்னபோது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாங்கிய 4,000 ரூபாய் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பணத்தைவிட, அவர்கள் திருவிழாவுக்கு அந்தப் பாட்டு போகவில்லை என்பதுதான் இன்றுவரை வலிக்கிறது.

ஆகவே மலையில் இருப்பவர்கள், நெட் நிச்சயமில்லாத எந்த ஊரில் இருப்பவர்களும், பிளக்-இன் ஒலி எப்படி என்று கேட்பதற்கு முன் உரிமம் எப்படி என்று கேளுங்கள். வகைகள் இவைதான். சிலவற்றுக்கு ஒரு சாவிக் கோப்போ சீரியல் எண்ணோ கொடுப்பார்கள், ஒருமுறை போட்டால் முடிந்தது; வல்ஹல்லா நிறுவனத்தின் ரிவெர்ப்கள் அப்படி, அதன்பிறகு நெட்டே தேவையில்லை. சில ஒருமுறை நெட்டில் பதிந்தால் போதும், ஆனால் இத்தனை கம்ப்யூட்டர்தான் என்று கணக்கு உண்டு. பழைய மெஷின் கரண்ட் ஏற்ற இறக்கத்தில் எரிந்து போனால், அதில் மாட்டிய உரிமத்தை விடுவிக்கக் கம்பெனிக்கு எழுதிக் காத்திருக்க வேண்டும். ஐலாக் போன்ற முறைகளில் உரிமத்தை யுஎஸ்பி சாவியில் வைக்கலாம், கம்ப்யூட்டரில் பதியலாம், கிளவுடில் (நெட் வழியாக அவர்கள் சர்வரில்) வைக்கலாம். கிளவுட் வழிக்கு வேலை நடக்கும் நேரம் முழுக்க நெட் ஓட வேண்டும். எதுவாக இருந்தாலும் மாதிரிக் காலத்திலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள்: வைஃபையை அணைத்து, லேப்டாப்பை அணைத்துப் போட்டு, உங்கள் பாட்டைத் திறந்து பாருங்கள். ஒரு முழு நாள் அப்படியே வேலை செய்யுங்கள். இன்னொரு பழக்கமும் வந்துவிட்டது. ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் முக்கியமான டிராக்குகளைப் பிளக்-இன் ஒலியோடு தனி வேவ் கோப்புகளாக ரெண்டர் செய்து வைத்துவிடுகிறேன். எந்த உரிமம் எப்போது பேச மறுத்தாலும் அந்தக் கோப்பு பேசும்.

மாதச் சந்தா முறைக்கு நான் போகவே இல்லை. கட்டணம் நின்ற நாளில் பழைய பாட்டுகளிலும் அந்தப் பிளக்-இன் வேலை செய்யாது. தானாகக் கழியும் தொகைகளுக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து கூடுதல் சரிபார்ப்பு வைத்திருப்பதால், வெளிநாட்டுச் சந்தாக்கள் நம் கார்டில் தடுக்கி விழுவதும் நடக்கிறது. 2023 மார்ச்சில் வேவ்ஸ் என்ற பிளக்-இன் நிறுவனம் இனி சந்தா மட்டும்தான் என்று அறிவித்து, வாங்கியவர்கள் கொதித்ததும் சில நாளிலேயே பழைய முறையையும் திரும்பக் கொண்டுவந்தது. நம்மைப் போன்றவர்களின் குரலுக்கும் பலம் இருக்கிறது என்று அன்று தோன்றியது. கிராக் பதிப்புகளைப் பென் டிரைவில் நீட்டியவர்களும் உண்டு. ஒரே லேப்டாப்பில் ஊர்ப் பிள்ளைகளின் பாட்டெல்லாம் இருக்கிறது, யாரோ உடைத்த மென்பொருளை அதற்குள் விட எனக்குத் துணிவு இல்லை.

மூன்றாவதாகப் போன 13,000 ரூபாய், இரைச்சல் நீக்கும் பிளக்-இன்னுக்கு. எங்கள் மாடிக்கு மேல் தகர ஷீட். மழை வந்தால் பேச்சே கேட்காது. கீழே பள்ளத்தில் தேயிலை ஃபேக்டரி, சீசனில் ராத்திரி பகலாக அதன் மெஷின் உறுமல். விளம்பரத்தில் மழையில் பேசிய குரலைக் கண்ணாடி மாதிரி துடைத்துக் காட்டினார்கள். வாங்கிப் போட்டால், ஃபேக்டரி உறுமல் சுத்தமாகப் போனது, மழை போகவில்லை. மழையைத் துடைக்கத் துடைக்கக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. இந்த வகைப் பிளக்-இன்கள் பெரும்பாலும், இரைச்சல் மட்டும் இருக்கும் இடத்தைக் கேட்டு, அதன் வடிவத்தைக் கற்று, பிறகு முழுப் பதிவிலிருந்தும் கழிக்கும். மெஷின் உறுமல் ஒரே சீராக இருப்பதால் கழித்துவிடலாம். ஷீட்டில் விழும் ஒவ்வொரு துளியும் வேறு நேரத்தில், வேறு வலுவில், மேல் கீழ் எல்லா அலைவரிசையிலும் பரவி வருகிறது. குரலும் அதே இடத்தில்தான் இருக்கிறது. புதிய பிளக்-இன்கள் பேச்சுக் குரலை ஓரளவு பிரித்துத் தரும், பாட்டில் கார்வையும் மூச்சும் சேர்ந்தே போய்விடும். சீரான உறுமலை மட்டும் போக்க ரீப்பரிலேயே ரீஃபிர் என்று ஒன்று இருக்கிறது, அதில் சப்ட்ராக்ட் முறையைப் போட்டால் போதும். மழைக்கு மருந்து, மழை விட்ட பிறகு பாடுவதுதான். மலையில் நமக்கு ஒரு வரமும் உண்டு: ஃபேன் வேண்டாம், ஏசி வேண்டாம். சமவெளியில் இருப்பவர்கள் அதை அணைத்துவிட்டு வேர்த்து வழியப் பாடுகிறார்கள்.

சுருதி திருத்தும் பிளக்-இன் பற்றி யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம். 1997இல் ஆட்டோ-டியூன் வந்ததிலிருந்து இந்த வகை எல்லா ஸ்டுடியோவிலும் இருக்கிறது, என் தொகுப்பிலும் ஒன்று இருந்தது. பாடுகிறவர் தொட்ட இடத்திலிருந்து பக்கத்துச் சுரத்துக்கு இழுத்து நிறுத்துவது அதன் வேலை. கொயரில் தோடியில் ஒரு கீர்த்தனை பாடினார்கள். தோடியின் காந்தாரம் நிற்கிற சுரமா? அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் உயிர். பிளக்-இன் அந்த அசைவைப் பிழை என்று எடுத்துக்கொண்டு படிக்கட்டாக வெட்டிவிட்டது. பாடிய பெரியம்மா கேட்டுவிட்டு, "இது என் குரல் இல்லை கண்ணு" என்றார். வேகத்தை நன்றாகக் குறைத்து வைத்தால் கமகம் ஓரளவு தப்பிக்கும். அதைவிட, முழுப் பாட்டுக்கும் போடாமல், நீண்டு நிற்கும் சுரம் தவறிய இடத்தில் மட்டும் கையால் திருத்துவது நல்லது. ரீப்பரில் இருக்கும் ரீட்யூனிலும் அப்படிக் கையால் திருத்தும் வசதி உண்டு. மறுபடி ஒருமுறை பாடச் சொல்வது எல்லாவற்றையும்விட நல்லது.

ஒரு பிளக்-இன்னை எடைபோடுவதில் காது நம்மை எப்படி ஏமாற்றும் என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான பிளக்-இன்கள் போட்டதுமே ஒலியைக் கொஞ்சம் கூட்டிவிடும். சத்தம் கூடினால் கீழ் ஒலியும் மேல் ஒலியும் கூடுதலாகக் கேட்கும். 1933இலேயே பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டினார்கள். அதனால் போட்டவுடன் 'ஆகா' என்று தோன்றும். மாதிரிப் பதிப்பைப் போட்டதும் அதன் அவுட்புட்டைக் குறைத்து, போட்டாலும் எடுத்தாலும் மீட்டர் ஒரே அளவு காட்டும்படி வையுங்கள். பிறகு கண்ணை மூடி பைபாஸ் பொத்தானை (பிளக்-இன்னைத் தற்காலிகமாக விலக்குவது) மாற்றி மாற்றி அழுத்துங்கள். நான் இப்படிச் செய்யத் தொடங்கிய பிறகு வாங்க நினைத்த பலவற்றின் பளபளப்பு போய்விட்டது. மாதிரிக் காலம் 10 நாள், 14 நாள், 30 நாள் என்று ஓடிப்போகும், கையில் நிஜ வேலை இருக்கும் வாரத்தில் மட்டும் அதைத் தொடங்குங்கள்.

இப்போது என் குரல் டிராக்கில் இருப்பது: ரீப்பரோடு வரும் ரீஈக்யூ, டோக்கியோ டான் நிறுவனத்தின் இலவச ஈக்யூவான நோவா (ச, ஸ உறுத்தும் இடத்தில் மட்டும் அடக்க அதையே வைத்துக்கொள்கிறேன்), ரீகாம்ப் அல்லது தொகுப்பில் எனக்குப் பிடித்துப்போன எல்ஏ-2ஏ சாயல் கம்ப்ரசர், வல்ஹல்லா வின்டேஜ்வெர்ப். கடைசியாகச் சொன்னது 50 டாலர், சில மாதங்கள் யோசித்த பிறகு வாங்கினேன், ஒவ்வொரு பாட்டிலும் இருக்கிறது. பெரிய எதிரொலி வேண்டுமென்றால் அவர்களுடைய சூப்பர்மாசிவ் இலவசம். அளந்து பார்க்க வொக்ஸெங்கோவின் ஸ்பேன், யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பு. ஸ்பாடிஃபை பாட்டுகளை -14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) அளவுக்கும் ஆப்பிள் மியூசிக் -16க்கும் சமன்படுத்துகின்றன, ஆகவே லிமிட்டரை நசுக்கிச் சத்தம் ஏற்றுவதில் பயனில்லை. ஆனால் என் பாட்டுகள் பெரும்பாலும் ஒலிப்பது திருவிழாக் குழாய் ஸ்பீக்கரில். அதற்கென்று மாஸ்டரில் (எல்லா டிராக்கும் ஒன்று சேரும் இடம்) ஒரு ரீஈக்யூ வைத்து, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 5,000க்கு மேலேயும் வெட்டி, மோனோவாக்கி ஒருமுறை கேட்பேன். அதில் சொல் புரிந்தால் அந்த ஈக்யூவை எடுத்துவிட்டுக் கொடுத்துவிடுவேன்.

போன நவம்பரில் தள்ளுபடி அஞ்சல்கள் வந்து குவிந்தன, ஒன்றையும் வாங்கவில்லை. சேர்த்து வைத்திருந்த பணத்தை ஷீட்டுக்குக் கீழே போட்டேன்: 48 டென்சிட்டி ராக்வூல் பலகை, 2 அங்குலம், அதற்குக் கீழே பிளைவுட். ஆசாரி அண்ணன் ஷீட்டோடு ஒட்டி அடிக்கப் போனார், அங்கே கொஞ்சம் காற்றிடம் விடச் சொன்னேன். எங்கள் பக்கத்து ஈரத்துக்கு இடைவெளி இல்லாமல் அடைத்தால் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். ராக்வூலைத் தொடுகிறவர்கள் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொள்ள வேண்டும், அரிப்பு தாங்காது. தூறலுக்கு இப்போது பதிவை நிறுத்துவதில்லை. பெருமழைக்கு இன்னும் நிறுத்தத்தான் வேண்டியிருக்கிறது.